சிவப்புப் பொத்தான்

"பிளேயர் போதுமே சிஸ்டரே, பிள்ளைகளுக்குத்தானே?
ரெக்கார்டர்னா ரெண்டாயிரம் கூட."
பீர்கண்ணு மேசையில் வைத்தார்.
மார்த்தாண்டம் சந்தைக்கு வந்த வாழைக்குலை லாரி
கடைவாசலை அடைத்து நின்றது.
அந்த அரையிருட்டில்
எல்லா டெக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

நான் முதலில் வாயைப் பார்த்தேன்.
ஜோபிக்கு நாலு வயது.
பக்கத்து வீட்டு டெக்கின் வாய்க்குள்
பாதி தின்ற முந்திரிக்கொத்தைத் தள்ளிவிட்டு
படம் வருமென்று காத்திருந்தவன்.
மூடி கனமாக இருக்க வேண்டும்,
விரல் போனால் நசுக்கவும் கூடாது.
என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
பீர்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு கேட்டேன்:
ஆனி மழையில் நாடா பூஞ்சணம் பிடிக்குமா,
ராத்திரி ஏழு மணிக் கரண்டில் இது ஓடுமா
(எங்கள் நெய்யூரில் ஏழு மணிக்கு
டியூப் லைட்டே கண்ணைக் கசக்கும்),
நான் நைட் டூட்டி போனால்
ஒன்பது வயதுக்காரியால் இதை அணைக்க முடியுமா.

ஒன்பது வயதுக்காரிக்கு ஒரே கேள்வி.
"ஞாயித்துக்கிழமை ஒம்பதுக்குக் கார்ட்டூன்.
ஒம்பதுக்குத்தான் ஆராதனையும்.
நாங்க கோவில்ல இருக்கும்போ
இது தனியா பாத்து வைக்குமா?"

பீர்கண்ணு பதில் சொல்லவில்லை.
ரெக்கார்டரை இழுத்து, ஐந்து நிமிடம் தள்ளி நேரம் வைத்தார்.
சாயா வந்தது, குடித்தோம்.
யாரும் தொடாமல்
சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது.
ஜோபி என் சேலைக்குள் ஒளிந்தான்.
ஷெர்லின் மட்டும் கிட்டே போய்
"சரி" என்றாள், வேலைக்கு ஆள் எடுத்தவள்போல.

தமாமிலிருந்து வந்த டிராஃப்ட்டில்
மிச்சம் நூற்றிப்பத்து ரூபாய்.
ஒரு புதுக் கேசட்டை இலவசமாகக் கொடுத்து
அதன் முதுகிலிருந்த பிளாஸ்டிக் பல்லைக் காட்டினார்:
"வேண்டப்பட்டது எதாவது பதிஞ்சா இத ஒடச்சிருங்க.
பொறவு அதுக்கு மேல ஒண்ணும் ஏறாது."

முதல் ஞாயிறு விடியும் முன் கரண்டு போனது.
பிரசங்கம் நீண்டது.
பிள்ளைகள் கடைசிப் பாட்டின் ஆமென்னுக்கு முன்பே
செருப்பைத் தேடினார்கள்.
வீட்டில் அப்போதுதான், ஒன்பதரைக்கு, கரண்டு வந்திருக்கிறது.
டெக் பாவம்,
நள்ளிரவு என்று எண்ணத் தொடங்கியிருக்கிறது.
எங்களுக்கு அது தெரியாது.
கேசட்டில் ஒன்றுமில்லை.
அன்று மதியக் கோழிக்கறியைக்கூட
ஷெர்லின் தொடவில்லை.

மாலை ஆறரை மணி.
யாரும் தொடாமல், சிவப்புப் புள்ளி.
அதற்கு அப்போதுதான் ஒன்பது.

பதிந்திருந்தது திருவனந்தபுரத்தின் விவசாய நிகழ்ச்சி.
குடை பிடித்த ஒருவர் ஏத்தன் வாழையின் குருத்தைப் பிரித்து
மலையாளத்தில் வருத்தப்பட்டார்.
அரைமணி நேரம். நோயின் பெயர் கூம்படப்பு.
வேறு கேசட் இல்லாததால் அன்றைக்கே மூன்று தடவை பார்த்தார்கள்.
அந்த வாரம் முழுக்கப் பார்த்தார்கள்.

புதன்கிழமை, டூட்டி முடிந்து வருகிறேன்.
தங்கநேசம் அக்காவின் தோட்டத்தில்
என் கிழிந்த குடையோடு ஜோபி.
ஒவ்வொரு மூட்டுக்கும் முன்னால் நின்று
இலையை விரித்துப் பார்த்து
மலையாளத்தில் வருத்தப்படுகிறான்.
அக்கா இடுப்பில் கைவைத்து
பின்னாலேயே நடக்கிறாள்.
நாலாவது மூட்டில் அவன் நின்றுவிட்டான்.
"இது போச்சு" என்றான், தமிழில்.
அக்கா குனிந்து பார்த்தாள்.
பிறகு மண்வெட்டி எடுக்கப் போனாள்.

அடுத்த சனி இரவு
மணியை என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்து,
ஒன்பது வைத்து,
கேசட்டைத் தள்ளி, சிவப்பை அழுத்தினேன்.
பெட்டி அதை வெளியே துப்பியது.
மறுபடி தள்ளினேன். துப்பியது.

திருப்பிப் பார்த்தால்
முதுகில் பல் இல்லை.

கட்டிலில் இரண்டும்
போர்வையை மூக்குவரை இழுத்து
நன்றாகத் தூங்குகிறார்கள்.
போர்வை குலுங்குகிறது.